மணமாகாத மகள்

பதினோராம் அத்தியாயம்

காலையில் எழுந்ததும் அசிமினா செய்கிற முதல் வேலை, பக்கத்து வீட்டு விளக்கை அணைப்பது.

பக்கத்து வீடு என்றால் அவளுடைய சொந்த வீடுதான். வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடியில், அடுத்தடுத்து இரண்டு கதவுகள். இடப்பக்கக் கதவில் அவள் பெயர். வலப்பக்கக் கதவில் ஆர்கிரிஸின் பெயர். அழைப்பு மணி இரண்டு, தபால் பெட்டி இரண்டு, கரண்ட் பில் இரண்டு. குடித்தனம் மட்டும் ஒன்று.

ஆர்கிரிஸின் சமையலறையில் சக்கரம் வைத்த பாத்திர அலமாரி ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளினால் சுவரில் ஒரு சின்னக் கதவு. குனிந்து அந்தப் பக்கம் போனால் அவளுடைய சமையலறை. தினமும் இருட்டும் நேரத்தில் அங்கே போய் விளக்கைப் போட்டு, டிவியை ஓடவிட்டுத் திரும்பி வருவாள். ஆளில்லாத வீட்டில் டிவி தனக்குத்தானே செய்தி வாசித்துக்கொண்டிருக்கும். யாராவது விசாரிக்க வந்தால், அங்கே ஒருத்தி தனியாக வாழ்கிறாள் என்று ஜன்னல் சாட்சி சொல்ல வேண்டும். கரண்ட் பில்லும் சொல்ல வேண்டும்.

அவள் அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவர் போனபின் பென்ஷன் அம்மாவுக்கு வந்தது. அம்மா போனபின் அசிமினாவுக்கு. அரசாங்க ஊழியரின் கல்யாணமாகாத மகளுக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் உண்டு. கல்யாணம் செய்துகொண்டால் அத்தோடு சரி. ஆர்கிரிஸ் அவள் வாழ்க்கைக்குள் வந்தபோது இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இருபத்தைந்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. குழந்தை வேண்டாம் என்று அவர்கள் ஒருபோதும் முடிவெடுத்ததில்லை. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் என்றார்கள். அவ்வளவுதான்.

போன வாரம் அந்தக் கடிதம் வந்தது. நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஏதென்ஸில் உட்கார்ந்துகொண்டு, இதையெல்லாம் மாற்றினால்தான் அடுத்த தவணை என்று சொல்லிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர்கள், டாக்ஸிக்காரர்கள், லாரிக்காரர்கள், ஓய்வு வயது என்று நீண்டுகொண்டே போன சீர்திருத்தத்தில் மணமாகாத மகள்களும் ஒரு வரியாக இருந்தார்கள். அசிமினாவின் பென்ஷன் நின்றது.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் அழவில்லை. அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. அதற்குத் தக்காளி நறுக்கினாள். நறுக்கும்போதுதான், தான் லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

தடையாக இருந்தது போய்விட்டது. இனி ஆர்கிரிஸ் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஒரு வாரமாக அவன் வாய் ஓயவில்லை. படகுக்கு அடிக்கும் பெயின்ட் விலையைப் பற்றிச் சொன்னான். முதுகுவலியைப் பற்றிச் சொன்னான். தலைநகரத்தில் நடந்த கடையடைப்பைப் பற்றி, மந்திரியின் கழுத்துப் பட்டையைப் பற்றிக்கூடச் சொன்னான். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆனதும் பழக்க தோஷத்தில் அலமாரியைத் தள்ளிக்கொண்டு போய் விளக்கைப் போட்டாள். யாரை ஏமாற்ற என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்றைக்கு அவள் தம்பி ஸ்டெர்யோஸ் லாரிஸாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

பள்ளிக்கூட வாத்தியார். அவன் சம்பளத்திலும் மூன்று தடவை கை வைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் முகத்தில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. காபி வைப்பதற்குள் பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பிவிட்டான். ஏதென்ஸில் ஒரு வக்கீல் இருக்கிறாராம். பென்ஷன் போன மகள்களையெல்லாம் ஒன்று சேர்த்து வழக்குப் போடப் போகிறாராம். ஒருவர் கொடுத்த உரிமையை இன்னொருவர் வந்து பறிக்க முடியாது, நிச்சயம் ஜெயிக்கும், நின்ற நாளிலிருந்து எல்லாம் சேர்ந்து வரும் என்றான். அப்பா ராத்திரி பகலாகக் கொடி காட்டிச் சம்பாதித்தது, எவனோ வெளிநாட்டுக்காரன் எப்படி நிறுத்தலாம் என்று அதையும் சேர்த்துக்கொண்டான்.

அசிமினா காபியை அவன் முன்னால் வைத்தாள். அளவான சர்க்கரை, மேலே நுரை. தம்பிக்கு நுரை இல்லாவிட்டால் காபி இறங்காது.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் பெரிசா இல்லக்கா. வழக்கமா குடுக்கற உறுதிமொழிதான். கல்யாணம் ஆகல, தனியா இருக்கேன்னு. அரசாங்க சேவை மையத்துல போய் அவங்க முன்னால கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கணும். தீர்ப்பு வர்ற வரைக்கும் அப்படியே இருக்கணும்."

"எப்படியே?"

"இப்ப இருக்கற மாதிரியே."

"தீர்ப்பு எப்ப வரும்?"

ஸ்டெர்யோஸ் காபியை ஒரு வாய் குடித்தான். "கோர்ட்டு விஷயம். மூணு வருஷம், நாலு வருஷம் ஆகும். அத்தான் என்ன சொல்றீங்க?"

வீட்டுக்குள் ஆர்கிரிஸ் அவனுக்கு அத்தான். தெருவில் இறங்கிவிட்டால் ஆர்கிரிஸ் சார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் இடம் மாற்றிச் சொன்னதில்லை.

ஆர்கிரிஸ் ஜன்னலோரம் நின்று ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். முதுகை வளைக்க முடியாமல் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தான். அசிமினா அவனைப் பார்த்தாள். அவள் பார்ப்பது அவனுக்குத் தெரியும். முடிச்சைப் போட்டு முடித்து, இன்னொரு முடிச்சும் போட்டான்.

"கையெழுத்துப் போட்டுடு," என்றான். "போட்டா என்ன நஷ்டம்?"

கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. துறைமுகத்தில் கயிறும் பெயின்ட்டும் தூண்டிலும் விற்கிற கடை அவனுடையது. வேலை போன ஊரில் படகுக்கு யார் வண்ணம் அடிக்கிறார்கள்? கொஞ்ச காலமாகக் கடை வாடகை ஸ்டேஷன் மாஸ்டரின் பென்ஷனிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. கணக்கெழுதுகிறவளே அவள்தான், அவளுக்குத் தெரியாதா? ஆனால் நஷ்டம் என்ன என்று கேட்டானே, அதற்குக் கணக்கு எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

அக்காவும் தம்பியும் சேவை மையத்துக்கு நடந்தே போனார்கள். வழியெல்லாம் ஸ்டெர்யோஸ் பேசிக்கொண்டே வந்தான். கடைக்கு முன்னால் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "வர்றோம் ஆர்கிரிஸ் சார்," என்றான். மீன்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள், அதனால். ஆர்கிரிஸ் கையை மட்டும் தூக்கினான்.

மையத்தில் வரிசை நீளம். சீர்திருத்தம் வந்தபிறகு எல்லோருக்கும் எதற்காவது ஒரு முத்திரை தேவைப்பட்டது. வீட்டு வரியைக் கரண்ட் பில்லோடு சேர்த்துவிட்டார்களே, கட்டாவிட்டால் கரண்டை வெட்டிவிடுவார்களாமே என்று முன்னால் நின்ற ஒரு கிழவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அசிமினாவும் இரண்டு வீட்டுக்கு அந்த வரியைக் கட்டுகிறவள்தான். ஒரு வீட்டில் டிவி மட்டும்தான் குடியிருக்கிறது.

அவர்கள் முறை வந்தபோது நாலு மணியாகியிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாரோ உட்கார்ந்திருந்தாள். ஆர்கிரிஸுக்குத் தூரத்து உறவு. வருஷா வருஷம் அசிமினாவின் உறுதிமொழிக்கு முத்திரை குத்துகிறவள்.

"வாங்கக்கா. அடையாள அட்டை குடுங்க. இந்த வருஷம் சீக்கிரம் வந்துட்டீங்களே?"

"இது வேற. கோர்ட்டுக்கு."

"ஓ, அந்த வக்கீல் கேஸா. நேத்து மூணு பேர் வந்தாங்க." மாரோ காகிதத்தை நேராக வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்தாள். "இங்க போடுங்க. ஆர்கிரிஸ் அண்ணனுக்கு முதுகுவலி எப்படியிருக்கு? ராத்திரி புரண்டு படுக்க முடியுதா?"

பின்னால் நின்ற ஸ்டெர்யோஸ் இருமினான்.

"நான் கையெழுத்துக்குத்தாங்க சாட்சி," என்று மாரோ அவனுக்குச் சமாதானம் சொன்னாள். "அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கறது என் வேலையில்ல."

அசிமினா பேனாவை எடுத்தாள். காகிதத்தில் தட்டச்சு செய்திருந்ததைப் படித்தாள். 'நான் மணமாகாதவள் என்றும், மேற்கண்ட முகவரியில் தனியாக வசிக்கிறேன் என்றும் உறுதி கூறுகிறேன்.'

இத்தனை வருஷம் இந்த வரியின் கீழே அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பொய் என்று ஒரு நாளும் உறுத்தியதில்லை. மழைக்குக் குடை பிடிப்பதுபோல அது ஒரு ஏற்பாடு. குடைக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள்.

இன்றைக்கும் அது பொய் என்று உறுத்தவில்லை. வேறொன்று உறுத்தியது. முதல் தடவையாக அது உண்மையாக இருக்கலாமோ என்று தோன்றியது.

பேனாவை மூடி வைத்தாள்.

"என்னக்கா, எழுதலையா? இந்தாங்க வேற பேனா."

"பேனா எழுதுது மாரோ. அட்டையக் குடு."

வெளியே வந்ததும் ஸ்டெர்யோஸ் வாத்தியார் குரலை எடுத்தான். இது விளையாட்டா, வக்கீலுக்கு என்ன பதில் சொல்வது, அப்பாவின் உழைப்பை இப்படித் தூக்கி எறிவதா என்று கேட்டான். நாலு வருஷம் ஒன்றும் பெரிய காலம் இல்லை, இதுவரைக்கும் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க முடியாதா என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அக்காவுக்கு நல்லது செய்யத்தான் பஸ் பிடித்து வந்திருந்தான்.

"அத்தானே சொல்லிட்டாரேக்கா. அவருக்கே சம்மதம்னா உனக்கு என்ன?"

தெருவில் நின்றுகொண்டு அத்தான் என்று சொல்லிவிட்டான். அவனுக்கே அது கேட்கவில்லை.

"அவர் சொன்னதாலதான்டா போடல," என்றாள் அசிமினா. "நீ போய் ஏதாவது சாப்பிடு. பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

"நீ எங்க போற?"

"எனக்கு ஒரு வேலை இருக்கு."

வேலை என்னவென்று அந்த நிமிஷத்தில் அவளுக்கும் முழுசாகத் தெரியாது. நடக்க ஆரம்பித்தபிறகுதான் தெரிந்தது. இரண்டு தெரு தாண்டி, உள்ளூர்ப் பத்திரிகை ஆபீஸின் படியேறினாள்.

அந்த ஊரில் யார் கல்யாணம் செய்வதானாலும் முதலில் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னாரை, இந்தக் கோயிலில் மணக்கப் போகிறார் என்று அச்சில் வந்தால்தான் அனுமதிச் சீட்டே கிடைக்கும். காபிக்கடையில் அதைப் படித்துவிட்டு ஊர் ஒரு வாரம் மெல்லும். அசிமினாவும் எத்தனையோ பேருடைய அறிவிப்பைப் படித்து மென்றிருக்கிறாள்.

விளம்பரம் வாங்குகிற பெண் சின்ன வயசுக்காரி. விரலில் மோதிரம் மோதிரமாகப் போட்டிருந்தாள்.

"கல்யாண அறிவிப்பா? பொண்ணு பேரு சொல்லுங்கம்மா."

அசிமினா தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர், முகவரி. அந்தப் பெண் எழுதுவதை ஒரு கணம் நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பவும் எழுத ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை விவரம் சொல்லும்போது முகவரியில் மறுபடி நின்றாள்.

"அதே தெரு, அதே நம்பர், அதே மாடி. பக்கத்து வீட்டுக்காரரா?"

"ஆமா. ரொம்பப் பக்கம்."

"கோயில்லயா, நகராட்சியிலயா?"

"கடற்கரைக் கோயில்ல."

"மாப்பிள்ளை வரலையாம்மா?"

"கடையில இருக்கார்."

"அவருக்குத் தெரியும்ல?"

"பேப்பர் வந்தா எல்லாருக்கும் தெரியும்ல," என்றாள் அசிமினா.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, நாளைக் காலைப் பதிப்பிலேயே வந்துவிடும், ஏதாவது மாற்றமோ நிறுத்தமோ இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்து சொல்லிவிட வேண்டும், பிறகு அச்சுக்குப் போய்விடும் என்றாள். அசிமினா ரசீதை வாங்கிக் கைப்பையில் வைத்தாள்.

காபிக்கடையில் நாலு பேர் நடுவில் அவன் அதைப் படிக்கக் கூடாது. அவ்வளவு அநியாயம் அவளால் செய்ய முடியாது. நேரே கடைக்குப் போனாள்.

ஆர்கிரிஸ் டப்பா மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் இல்லாத நாட்களில் அவன் செய்கிற வேலை அது. அந்தக் கடையில் மூடிகள் எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும்.

"போட்டியா?"

"போடல."

"கூட்டமா?"

"கூட்டத்தால இல்ல. மனசில்ல." கைப்பையை மேசைமேல் வைத்தாள். "பத்திரிகை ஆபீஸுக்குப் போயிட்டு வர்றேன். நம்ம ரெண்டு பேர் பேரும் நாளைக்கு வருது. கல்யாண அறிவிப்பு."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. வெளியே ஒரு கப்பல் ஊதியது. அது ஓயும் வரைக்கும் ஆர்கிரிஸ் காத்திருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஒரு வாரமா நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"கேஸ் ஜெயிச்சா எல்லாம் சேர்ந்து வரும்னு சொன்னானே ஸ்டெர்யோஸ்."

"வரட்டும். கையெழுத்துப் போட்டவங்களுக்கு வரட்டும்."

"கடைய மூட வேண்டி வரும் அசிமினா."

"வரலாம்."

"மூடிட்டா?" அவன் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு? கடையில்லாத ஒருத்தன். குனிஞ்சு ஷூ மாட்ட முடியாதவன். உங்க அப்பா காசுலதான் கடைய ஓட்டினேன்னு ஊருக்கே தெரியும். அது நின்ன மறுநாள் கோயில்ல போய் மாப்பிள்ளையா நின்னா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிப்பாங்க."

"உனக்குப் பரவாயில்லையா?"

"எனக்கு நாப்பது வயசுல நீ கேட்டிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. இப்ப சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்."

அவள் அதிகம் பேச வேண்டாம் என்றுதான் நினைத்து வந்திருந்தாள். ஆனாலும் வந்துவிட்டது.

"நான் கடையையும் கேக்கல, காசையும் கேக்கல ஆர்கிரிஸ். வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லு. நான் கேட்டுக்கறேன். ஆனா சட்டத்து மேல பழியப் போடாத. அந்தச் சட்டந்தான் போயிடுச்சே."

"வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?"

"வேணும்னு எப்ப சொன்ன?"

கடைக்குள் டர்பென்டைன் வாசனை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே கால்.

"ஆறு மணி வரைக்கும் நிறுத்தலாமாம்," என்றாள் அவள். "நிறுத்தணும்னா நீ போய் நிறுத்து. ரசீது பையில இருக்கு. நான் போக மாட்டேன்."

ஆர்கிரிஸ் துணியை மடித்து வைத்தான். முன்னால் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினான். தொப்பியை எடுத்துக்கொண்டான். கைப்பையைத் தொடவில்லை. ரசீது இல்லாவிட்டாலும் பெயரைச் சொன்னால் போதும், சின்ன ஊர்தானே என்று அவளுக்குத் தோன்றியது.

"கடையப் பாத்துக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவள் வாசல்வரை வந்து பார்த்தாள். மூலைப் பெட்டிக்கடையில் நின்று சிகரெட் வாங்கினான். முதுகைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தான். அங்கிருந்து இடதுபுறம் திரும்பினால் பத்திரிகை ஆபீஸ். வலதுபுறம் போனால் கடற்கரை, அதைத் தாண்டினால் கோயில், பாதிரியாரின் வீடு. அவன் இரண்டு பக்கமும் திரும்பாமல் புகைவிட்டுக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து ஒரு ஐஸ் லாரி வந்து நடுவில் நின்று, மீன்காரர்களுக்குப் பெட்டி இறக்க ஆரம்பித்தது. சாவகாசமாக இறக்கினார்கள். லாரி நகர்ந்தபோது பெட்டிக்கடை முன்னால் யாருமில்லை.

ஓடிப்போய்ப் பார்க்கலாம்தான். கடையைப் பூட்டிக்கொண்டு மூலைவரை போனால் தெரிந்துவிடும். அவள் போகவில்லை. மேசைக்குப் பின்னால் வந்து, அவன் விட்டுவிட்டுப் போன துணியை எடுத்து மிச்ச மூடிகளைத் துடைத்தாள்.

கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியிருக்கும். வாசலில் நிழல் தட்டியது. வெளியூர்க்காரர், படகை இந்தத் துறைமுகத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறவர். உள்ளே சுற்றிப் பார்த்தார்.

"அடிப்பலகைக்குப் பெயின்ட் வேணும். கடைக்காரர் இல்லீங்களா?"

அசிமினா துணியைக் கீழே வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார்," என்றாள். "என்ன கலர்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்."